பழத்தைப் பச்சையாக உண்பதா, சமைத்து உண்பதா?

வைகாசிப் பொங்கல் நெருங்கும்போது வற்றாப்பளைக்குப் போகும் வீதியோரங்களில் பழங்கள் குவியத் தொடங்கும். வாழைக்குலை, மாம்பழம், பலாப்பழம், பப்பாப்பழம், கொய்யாப்பழம் எல்லாம் வரும். காட்டுக்குப் போய் வருபவர்கள் பேணியால் அளந்து விற்கும் பாலைப்பழமும் அந்த நாட்களில்தான் வரும். கண்ணகை அம்மனிடம் வரும் சனங்களை நம்பிக் கடை விரிப்பவர்களில் பலர் பெண்கள். தாம் நட்டு, தண்ணீர் ஊற்றி, அணிலுக்கும் குரங்குக்கும் காவல் இருந்து காத்த பழங்களை அவர்கள் அங்கே விற்கிறார்கள்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சந்திப்பதற்காக நான் அந்தப் பக்கம் அடிக்கடி போவதுண்டு. அப்படிப் போன ஒரு நாளில்தான் அந்த அக்காவின் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தேன். கணவர் 2009இல் காணாமற்போனவர். மீள்குடியேறி வந்த காலத்தில் அவர் நட்ட இரண்டு பப்பா, மூன்று கொய்யா, ஒரு தேசி மரங்கள் இப்போது காய்த்துக் குலுங்குகின்றன. வீட்டில் 17 வயது மகள் இருக்கிறாள். உயர்தரம் படிக்கிறாள். பாடசாலையில் இரண்டு தடவை மயங்கி விழுந்தபின் குருதியைப் பரிசோதித்த வைத்தியர், குருதிச்சோகை என்று கூறி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்.

"பிள்ளைக்குப் பழம் குடுக்கிறனீங்களே அக்கா?" என்று கேட்டேன்.

"குடுக்கிறனான் தங்கச்சி. நல்லா அவிச்சு, சீனி போட்டுப் பாகு மாதிரிக் காய்ச்சித்தான் குடுப்பன். பச்சையாக் குடுக்கமாட்டன்."

காரணத்தையும் அவரே சொன்னார். 2009இல் முகாமில் இருந்தபோது இந்தப் பிள்ளைக்கு ஒன்றரை வயது. எங்கிருந்தோ கிடைத்த ஒரு மாம்பழத்தைப் பிசைந்து ஊட்டியிருக்கிறார். அன்று இரவே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கிவிட்டன. மூன்று நாட்கள் பிள்ளை கண் திறக்கவில்லை. "தப்பினது அம்மாளாச்சியின்ர புண்ணியம்" என்றார். அதன்பின் அந்த வீட்டில் சமைக்காத பழம் பிள்ளையின் வாயில் பட்டதில்லை.

'அவித்தால் விற்றமின் சி அழிந்துவிடும் அக்கா' என்ற பாடப்புத்தகப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. அவர் அறியாமையில் பேசவில்லை. ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அறிவு அது. அன்று குற்றம் செய்தது மாம்பழம் அல்ல. அதைக் கழுவிய தண்ணீரும், கழுவ வசதியற்ற கையும், மொய்த்த இலையான்களுமே காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பழத்தையும் தண்ணீரையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்க்கும் அவகாசத்தை அந்த நாட்கள் எவருக்கும் தரவில்லை.

இப்படிப்பட்ட பயத்தோடு வாழும் தாய்மார் இன்னும் பலர் இருக்கிறார்கள். நான் சமூகவியல் படித்தவள். வைத்தியர் அல்ல. ஆயினும் குடும்பநல உத்தியோகத்தர்களோடு சேர்ந்து வேலை செய்ததிலும், தேடிப் படித்ததிலும் அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். 'பச்சையாக' என்று இங்கே சொல்வது சமைக்காத பழத்தையே, காயை அல்ல.

வெப்பம் எதை எடுத்துக்கொள்கிறது?

பழத்தை அவிக்கும்போது முதலில் குறைவது விற்றமின் சி. இது தண்ணீரில் கரையும். வெப்பத்துக்கும் காற்றுக்கும் தாக்குப்பிடிக்காது. எவ்வளவு நேரம் அவிக்கிறோம், எவ்வளவு தண்ணீர் விடுகிறோம், அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுகிறோமா என்பவற்றைப் பொறுத்து இழப்பு கூடும், குறையும். நீண்ட நேரம் அவித்துத் தண்ணீரையும் ஊற்றிவிட்டால் பாதியோ அதற்கும் மேலோ போய்விடலாம்.

இதை உலகம் ஒரு கசப்பான வழியில் கற்றுக்கொண்டது. மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகள் முரசு வீங்கி, இரத்தம் கசிந்து, பல் கழன்று ஸ்கேவி என்ற நோயால் இறந்தார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரித்தானியக் கடற்படை வைத்தியர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். நாளொன்றுக்கு இரண்டு தோடம்பழமும் ஒரு எலுமிச்சம்பழமும் தின்ற இருவரும் ஆறு நாட்களில் தேறிவிட்டார்கள். ஆனால் அதே லிண்ட், பழங்கள் கப்பலில் பழுதாகாமல் இருக்கவேண்டும் என்று எண்ணி, சாற்றைச் சூடாக்கி வற்றவைத்துப் பாகாக எடுத்துச் செல்லும்படி பின்னர் ஆலோசனை கூறினார். அந்தப் பாகு பழத்தைப்போல் நோயைத் தடுக்கவில்லை. காய்ச்சும்போதே மருந்து போய்விட்டது. விற்றமின் சி என்ற பொருளே பின்னர் 20ஆம் நூற்றாண்டில்தான் பிரித்தறியப்பட்டது.

எமது முற்றத்துக் கொய்யாவுக்கு வருவோம். 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. பப்பாப்பழத்தில் சுமார் 60, தோடம்பழத்தில் சுமார் 50, மாம்பழத்தில் 30 முதல் 40 வரை, வாழைப்பழத்தில் 9 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது கடன்பட்டாவது வாங்கிப்போகும் அப்பிளில் 5 மில்லிகிராம் அளவே உண்டு. வளர்ந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராமும், கர்ப்பிணிக்கு 55உம், பாலூட்டும் தாய்க்கு 70உம் போதுமென உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூறுகின்றன. அப்படியென்றால் அரைவாசிக் கொய்யாப்பழமே ஒரு நாளைக்குப் போதும்.

அந்த அக்கா காய்ச்சிக் கொடுத்தது வீண் என்றும் சொல்லிவிட முடியாது. கொய்யாவில் பாதி அழிந்தாலும் மீதிப் பாதி அப்பிளை விட அதிகமே. நார்ப்பொருளும் பொற்றாசியமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் கூடவே போட்ட சீனிதான் பிள்ளைக்குத் தேவையில்லாதது.

குருதிச்சோகைக்கும் பழத்துக்கும் என்ன தொடர்பு?

எமது சோறு, பருப்பு, கீரை, பயறு ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் இலகுவில் அகத்துறிஞ்சுவதில்லை. அதே சாப்பாட்டு வேளையில் விற்றமின் சி சேர்ந்தால் அகத்துறிஞ்சல் நன்றாகக் கூடுகிறது. கிளினிக்கில் கர்ப்பவதிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு விற்றமின் சி மாத்திரையும் தருவதன் காரணம் இதுவே.

எனவே பழத்தைப் பின்னேரம் தனியாகத் தின்பதை விட, மதியச் சோற்றோடு அல்லது சாப்பிட்டு முடிந்த கையோடு தின்பது குருதிச்சோகை உள்ளவருக்கு நல்லது. சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடிப்பது இதற்கு நேர் எதிரானது. தேயிலையிலுள்ள பொருட்கள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது பின்போடுங்கள்.

இந்த விடயத்தில் எமது அம்மம்மாக்கள் விஞ்ஞானம் படிக்காமலே ஒன்றைச் செய்துவந்தார்கள். சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிக்காய்ப்புளி விடுவார்கள். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். விற்றமின் சி அதிகம் அழியாமல் தப்புவதும் அதனால்தான். கீரைக்கறிக்கும் இதே முறையைக் கைக்கொள்ளலாம்.

வெப்பம் எதைத் தருகிறது?

சமைத்தால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமான பழங்களில் கரோட்டின் வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் பீற்றா கரோட்டின் எமது உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகிறது. கண்பார்வைக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் அது தேவை. இந்தக் கரோட்டின் பழத்தின் கலங்களுக்குள் இறுக அடைபட்டிருக்கும். சமைக்கும்போது கலச்சுவர் நெகிழ்ந்து அது வெளியே வருகிறது. சிறிதளவு எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தால் உடலும் அதை இலகுவாக ஏற்றுக்கொள்கிறது.

தக்காளிப்பழத்தை வைத்து அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. 88 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியபோது தக்காளியின் விற்றமின் சி 29 வீதம் குறைந்தது. அதேவேளை அதிலுள்ள லைக்கோபீன் என்ற சிவப்புப் பொருள் பிரித்தெடுக்கக்கூடிய அளவு இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது. ஒரே பழம், ஒரே அடுப்பு. ஒன்று குறைய மற்றது கூடுகிறது. ஆகவே 'பச்சையா, சமைத்ததா சிறந்தது' என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. எந்தப் பழம், யாருக்கு, எதற்காக என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

வெப்பம் கிருமிகளையும் கொல்கிறது. நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் அவித்த பழமே பாதுகாப்பானது. முகாம் நாட்களில் அந்த அக்காவின் பயம் சரியானதே. அதே பயத்தை நல்ல கிணறு உள்ள வீட்டிலும் 17 வயது வரை காவிக்கொண்டு வரத்தேவையில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சுட்டுத் தின்னும் பழம்

நாம் பெரும்பாலும் நெருப்பில் வாட்டியே உண்ணும் பழம் பனம்பழம். ஆடி, ஆவணியில் விழும் பழத்தைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, புளிக்கரைசல் தெளித்துப் பிசைந்து அம்மம்மா தருவது இன்றும் என் நாவில் நிற்கிறது. அந்தச் செம்மஞ்சள் நிறம் கரோட்டின் தந்த நிறம். அதன் கைப்புக்குக் காரணம் பிளாபெல்லிஃபெரின் என்ற பொருள். களியைப் பிழிந்து காய்ச்சி, மாவும் சீனியும் சேர்த்துப் பனங்காய்ப் பணியாரமாகச் சுட்டார்கள். பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டாக மாரிக்குச் சேமித்தார்கள். வெயிலில் காயும்போது கரோட்டினில் ஒரு பகுதி குறையும். ஆயினும் பஞ்ச காலத்தில் கைகொடுத்த உணவு அது.

போரில் எமது பனைகள் ஏராளமாக அழிந்தன. எஞ்சிய பனைகளின் பழங்களோ இன்று வளவுகளில் விழுந்து மாடு சூப்பக் கிடக்கின்றன. கடையில் பிஸ்கட் வாங்கும் காசு மிஞ்சுவதோடு, பிள்ளைக்கு விற்றமினும் கிடைக்கும். பணியாரத்தில் எண்ணெயும் சீனியும் உண்டு என்பதால் அளவோடு கொடுப்போம்.

எதை எப்படி உண்ணலாம்?

சமைக்காமல் உண்ண வேண்டியவை: கொய்யா, நெல்லி, பழுத்த பப்பா, மாம்பழம், தோடை, அன்னாசி, வாழைப்பழம், விளாம்பழம், பாலைப்பழம், நாவற்பழம். இவற்றைச் சமைத்தால் இழப்பே அதிகம். பப்பாவையும் மாம்பழத்தையும் தேங்காயோ கச்சானோ உள்ள சாப்பாட்டோடு சேர்த்து உண்டால் அவற்றின் கரோட்டினும் நன்கு சேரும்.

சமைத்து உண்ண வேண்டியவை: பனம்பழம், பலாக்காய், ஈரப்பலா, மொந்தன் வாழைக்காய், பப்பாக்காய், பூசணி. பூசணியும் தாவரவியலின்படி பழமே. பாற்கறியாக வைத்தால் அதன் கரோட்டின் உடலில் சேரும்.

இரு வழியிலும் உண்ணக்கூடியது: தக்காளி. ஒரு நாள் சம்பலாக, மறுநாள் குழம்பாக.

சமைக்கும்போது பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். தண்ணீரைக் குறைத்து, மூடி போட்டு, குறைந்த நேரம் அவியுங்கள். அவித்த தண்ணீரை ஊற்றாமல் கறியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பச்சையாக உண்ணும்போது, முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பழத்தை வெட்டுவதற்கு முன்னரே, முழுதாக இருக்கும்போது, குடிக்கக்கூடிய சுத்தமான தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் கொதித்து ஆறிய நீரில் கழுவுங்கள். தோல் உரிக்கும் பழத்தையும் கழுவ வேண்டும். தோலிலுள்ள அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும். மீன் வெட்டிய கத்தியையும் பலகையையும் பழத்துக்குப் பாவிக்கக்கூடாது. வௌவால் கடித்ததையும் அழுகியதையும் எறிந்துவிடுங்கள். வெட்டிய பழத்தை மூடிவைத்து உடனே உண்ணுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஆறு மாதம் பூர்த்தியான குழந்தைக்கு நன்கு பழுத்த வாழைப்பழத்தையும் பப்பாப்பழத்தையும் சுத்தமான கையால் பிசைந்து கொடுக்கலாம். வயிறு குழம்பியிருக்கும் பிள்ளைக்கும், பல் இல்லாத முதியவருக்கும், தாடையில் காயம்பட்டு மெல்ல முடியாதவருக்கும் மென்மையாக அவித்த பழம் உதவும்.

முள்ளந்தண்டில் காயம்பட்டுப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழும் சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பெரிதும் வருத்துவது மலச்சிக்கல். கொய்யா, பப்பா போன்ற நார்ப்பொருள் உள்ள பழங்களும், வைத்தியர் அனுமதிக்கும் அளவு தண்ணீரும் அவர்களுக்குத் துணைசெய்யும்.

கர்ப்பிணிகளுக்குப் பப்பா ஆகாது என்று எமது ஊரில் சொல்வார்கள். பால் வடியும் காயையும் செங்காயையும் தவிர்ப்பது சரியே. நன்கு பழுத்த பழம் தீங்கு செய்யும் என்பதற்குச் சான்றில்லை. மனம் ஒப்பாவிட்டால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் முழுப்பழத்தை அளவோடு உண்ணலாம். சீனி போட்ட பாகு, ஜாம், சாறு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் ஆலோசனைகள் பொருந்தாமல் போகலாம். பழங்களிலுள்ள பொற்றாசியம் அவர்களது குருதியில் தேங்கி இதயத்தைப் பாதிக்கக்கூடும். எதை, எவ்வளவு உண்பது என்பதை அவர்களது வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

எமக்கும் ஒரு பங்கு

நாளொன்றுக்கு மரக்கறியும் பழமுமாக ஆகக்குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எமது வீடுகளில் பெரும் குறை, சமைத்த பழமா பச்சைப் பழமா என்பதல்ல. பழமே பெண்களின் தட்டுக்கு வருவதில்லை என்பதே. நல்ல பழம் வீதிக்கு விற்பனைக்குப் போகிறது. அடிபட்டது பிள்ளைகளுக்கு. அழுகிய பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சிய துண்டுதான் அம்மாவுக்கு. ஒரு வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்று பார்த்தால் அந்த வீட்டின் கதை தெரிந்துவிடும். விற்றால்தான் அரிசி என்ற நிலையில் 'விற்காதீர்கள்' என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பத்துப் பழத்தில் ஒன்றை எடுத்துவையுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அந்த அக்காவிடமும் அதைத்தான் கேட்டேன். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்துப் போனபோது விற்பனைத் தட்டில் கொய்யாப்பழங்கள் அடுக்கியிருந்தன. அடுப்பங்கரையில் ஒரு கோப்பையால் மூடியபடி இரண்டு பழங்கள் தனியாக இருந்தன.

"முதல் நாள் ஆறின சுடுதண்ணியில ரெண்டு தரம் கழுவித்தான் வெட்டிக் குடுத்தனான் தங்கச்சி. அண்டைக்கு இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளேல்லை. பிள்ளையின்ர வயித்தில கையை வைச்சபடியே இருந்தனான். விடிய எழும்பி, இன்னொண்டு இருக்கோ அம்மா எண்டு கேட்டாள்."

மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறாளா என்று கேட்டேன். போடுகிறாள் என்றார். மாத்திரைதான் மருந்து, பழம் அதற்குத் துணை என்பதை மீண்டும் ஒருமுறை சொல்லிவைத்தேன்.

"மூடி வைச்சிருக்கிறதில ஒண்டு பிள்ளைக்கு. மற்றது ஆருக்கு அக்கா?"

கொஞ்சம் வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார்.

"மற்றது எனக்குத்தான்."